சரி சொல்லாத பிளான் அக்கா

பிளான் அக்கா கம்ப்யூட்டரோடு பேசுவார். கொஞ்சிப் பேசுவார் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைதான்.

"நீ கேட்டா நான் சொல்லிறணுமா? என்ன ஏதுன்னு முதல்ல நீ சொல்லு."

சின்னமனூரில் மேகமலைக்குப் பிரிகிற ரோட்டுப் பக்கம், உரக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். படியேறும்போதே இந்தச் சத்தம் கேட்கும். யாரோ ஒரு ஆள் உள்ளே நின்று திட்டு வாங்குகிறான் என்று நினைத்து, முதல் தடவை நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஆளே இல்லை. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு அம்மாள். கொண்டையில் செருகிய பென்சில். மடியில் முறம் நிறைய அவரைக்காய். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஏதோ ஒரு கேள்வி.

பிள்ளைகளா, ஒரு வீட்டை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் தாளில் கட்ட வேண்டும். அதற்குப் பேர்தான் பிளான். முன்பெல்லாம் பலகையில் தாளை ஒட்டி, ஸ்கேல் வைத்து வரைந்தார்களாம். இப்போது அதற்கென்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. தேனியிலிருந்து கூடலூர் வரை அதில் பிளான் வரைகிறவர்கள் நிறையப் பேர். பிளான் அக்கா அவர்களில் ஒருத்தர். அவருக்கும் சொந்தப் பேர் உண்டு. நாங்கள்தான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் குட்டியானை ஓட்டுகிறவன். கம்பத்துத் திராட்சையும் சின்னமனூர் வாழைத்தாரும் ஏற்றி இறக்குகிற சின்ன லோடு வண்டி. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் நாம் குடியிருக்கிற இந்த வீடு எழும்பியதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பிளான் அக்கா வாயிலிருந்து 'சரி' என்ற சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது கம்பத்திலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி. அக்கா டீ சொல்லியிருந்தார். வியாபாரி வந்த வேகத்தில் சொன்னார்:

"மாடிப்படிய வெளிய தள்ளிப் போட்டுருங்கம்மா. பக்கத்துல ஒரு சந்து கெடக்கு, அதுல வந்துரும்."

"அந்தச் சந்து உங்களதா?"

"எங்களது மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"பக்கத்து வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா. நீங்க சரின்னு கோட்டப் போடுங்க."

"அவரு வந்து சொல்லட்டும். அப்பறம் போடுறேன்."

"ஒரு கோடு போடுறதுக்கு இம்புட்டுக் கேள்வியா?"

"நான் இங்கன கோடு போட்டா நீங்க அங்கன சுவரு வச்சிருவீகல்ல? அதுக்குத்தேன்."

வியாபாரி சாவியை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். அவருக்கு வந்த டீயையும் அக்காவே குடித்தார். ஒரு பெரிய வேலை கைவிட்டுப் போனதே என்று முகத்தில் ஒரு வாட்டம் வேண்டுமே! இல்லை. அவரைக்காய் ஆய உட்கார்ந்துவிட்டார்.

மனிதருக்கே இப்படி என்றால் மெஷினுக்கு எப்படி இருக்கும்! கம்ப்யூட்டரில் எதைப் புதிதாகப் போட்டாலும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். ஊர் உலகத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதை அமுக்குவோம். அக்கா அமுக்க மாட்டார். அத்தனையையும் படிப்பார். தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் தேடிப் பார்த்துப் படிப்பார்.

"இதையெல்லாம் யாருக்கா படிப்பாக?" என்று நான் கேட்டேன்.

"யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் தம்பி இம்புட்டுப் பொடிசா எழுதியிருக்கான். அதுக்காகவே படிக்கணும்."

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அக்கா நமக்கு வரைந்த பிளான், கம்பியும் தூணும் எங்கெங்கே வர வேண்டும் என்று கணக்குப் போடுவதற்காகத் தேனியில் ஒரு இன்ஜினியருக்குப் போனது. நல்ல மனுஷர். வேலையைச் சுணங்காமல் முடித்துக் கம்ப்யூட்டர் வழியாகவே திருப்பி அனுப்பினார். அங்கேதான் வந்தது வினை. அவர் சாப்ட்வேரின் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தார். அக்காவிடம் இருந்தது பழசு. புதுசில் செய்த படம் பழசில் திறக்கவே இல்லை. 'நீங்களும் புதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

"போடாட்டி?" என்று அக்கா அதைக் கேட்டார்.

எனக்கோ அவசரம். ஆவணி முடிவதற்குள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாக வேண்டும். புரட்டாசியில் எங்கள் பக்கம் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஐப்பசிக்குத் தள்ளினால் அடைமழை. குடியிருந்த வாடகை வீட்டைச் சீக்கிரம் ஒழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில்.

"அக்கா, அந்தப் புதுசத்தான் போட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"போடுறேன் தம்பி. புதுசு வேணாம்னு நான் சொல்லல. ஆனா அது சொல்ற மாதிரி போட மாட்டேன். நான் சொல்ற மாதிரி போடுவேன்."

சொன்னார். ஆனால் அது முதலில் நெட்டிலிருந்து இறங்க வேண்டுமே! மேகமலையில் மேகம் கவிந்தால் எங்கள் ஊரில் நெட்டு படுத்துவிடும். அந்த வாரம் முழுக்கக் கவிந்தே கிடந்தது. எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற பச்சைக் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும். கரண்டு போகும். திரும்ப வந்தால் கோடு தலையிலிருந்து ஆரம்பிக்கும். அக்காவின் முறத்தில் அவரைக்காய் தீர்ந்து, கொத்தவரங்காய் வந்து, அதுவும் தீர்ந்து, வெண்டைக்காய் வந்தது.

கீழே உரக்கடைக்காரர் பரிதாபப்பட்டு மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா, உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குதுல்ல? குச்சனூருக்குப் போயி எள்ளு விளக்குப் போட்டுட்டு வாங்க. எல்லாம் சரியாயிரும்."

சாமி காரியத்தில் அக்கா மறுத்துப் பேச மாட்டார். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் விளக்கும் போட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் பச்சைக் கோடு நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"என்னம்மா, போயிட்டு வந்தீகளா? ஏதும் வழி பொறந்துச்சா?" என்று உரக்கடைக்காரர் கேட்டார்.

"இனிமே சனீஸ்வரனக் குறை சொல்லாதீகண்ணே. அவரு ஏழரை வருசத்துல எறங்கிருவாரு. இது எறங்குற மாதிரியே தெரியல."

ஒருவழியாக இறங்கிவிட்டது. இறங்கியது உட்கார மறுத்தது. பாதி தூரம் போகும், சிவப்பில் ஏதோ எழுதும், நின்றுவிடும். கடைசியில் அக்கா அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். சென்னையிலிருந்து ஒரு பையன் பேசினான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், உங்க சிஸ்டத்தை நானே இங்கேருந்து பார்த்துடறேன். ஒரு பர்மிஷன் கேட்கும், ஓகே குடுங்க."

அக்கா அதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அப்புறம் நான் கண்ணால் பார்த்தேன். மவுஸில் யாரும் கை வைக்கவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நடக்கிறது! அக்கா மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, அடுத்தவுக வீட்டுக்குள்ள வாறீகல்ல? செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"மேடம்?"

"எங்கன போறீக, எதத் தொடுறீகன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத் தொடுங்க."

பாவம், அந்தப் பையன் பொறுமைசாலி. சொல்லிச் சொல்லியே செய்தான். இதைத் திறக்கிறேன் மேடம், இதை மூடுகிறேன் மேடம். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. பழைய பதிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டது.

"ஓகே குடுத்துடுங்க மேடம். பழசு இருந்தா புதுசு ஸ்லோ ஆகும்."

"ஆகட்டும்."

"மேடம், எல்லாரும் எடுத்துடறாங்க."

"எல்லாரும் எடுக்கட்டும். புது மருமக வந்தா மாமியார வெளிய தள்ளிருவாகளா? ரெண்டும் இருக்கட்டும்."

 அவன் சிரித்துவிட்டான். "சரி மேடம், ரெண்டும் இருக்கட்டும்" என்றான். அவன் சொன்னான் சரி. அக்கா சொல்லவில்லை.

புதுசு உட்கார்ந்துவிட்டது. இன்ஜினியர் அனுப்பிய படமும் திறந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. உங்கள் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார் அக்கா. அது அவருடைய வழக்கம். கடைசித் தாளை, அந்த வீட்டில் புழங்கப் போகிற பெண் பார்த்து, ஒவ்வொரு அறையிலும் விரல் வைத்து இது இன்ன அறை என்று வாயால் சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதற்காகவே அக்கா அறைப் பேர்களைத் தமிழில் எழுதுவார். மற்ற ஆபீஸ்களில் எல்லாம் இங்கிலீஷில்தான்.

உங்கள் அம்மா மேகமலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பாள். வயிற்றுச் சுமையோடு மெதுவாகப் படியேறி வந்து, விரித்த தாளைக் குனிந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் காதில் மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, இது மலையாளமா?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். சமையல்கட்டு இருந்த இடத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கேள்விக்குறியும் கலந்த கிறுக்கல். சாமி அறை ஒரு கிறுக்கல். படுக்கை அறை இன்னொரு கிறுக்கல். புதுப் பதிப்புக்கு அக்காவின் தமிழ் எழுத்து பிடிபடவில்லை. அவசரமாகத் தாளில் பிரிண்டு எடுத்ததில் அக்காவும் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று உங்கள் அம்மா நினைத்தாள். தலையை ஆட்டிவிட்டாள்.

"சரிக்கா. நல்லா இருக்குக்கா."

"என்ன சரி?"

அக்கா விடவில்லை.

"சமையல்கட்டு எங்கன இருக்கு, சொல்லு ஆத்தா."

"நீங்க போட்டா சரியாத்தேன்க்கா இருக்கும்."

அவ்வளவுதான். அக்கா அந்தத் தாளை எடுத்தார். நாலாகக் கிழித்து வெண்டைக்காய்க் காம்போடு முறத்தில் போட்டார்.

"அக்கா, நாள் போகுதுக்கா! எனக்கு இங்கிலீசுல இருந்தாலும் பரவாயில்ல. கிச்சன், பெட்ரூமுன்னு மாத்தி எழுதி இன்னைக்கே கொடுத்துருங்க. நான் வீட்டுல போயி இவளுக்குச் சொல்லிக்கிறேன்."

"உனக்குப் பரவாயில்ல தம்பி. அந்த அடுப்படியில நீயா நிக்கப் போற?"

அப்புறம் உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொல்லி, ஒன்று சொன்னார். அவர் பிறந்த வீடு கெங்குவார்பட்டியில். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கட்டிய வீடு. பிளானைக் கொண்டுவந்து அவர் அம்மாவிடம் காட்டினார்களாம். எல்லாம் இங்கிலீஷ். பெரிய மனிதர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், எப்படிக் கேட்பது? அம்மா தலையை ஆட்டிவிட்டார். சுவர் எழும்பி, ஓடு வேய்ந்து, குடிபோன பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குப் பின்வாசல் இல்லை. மாட்டுத் தொழுவமோ பின்னால். கூளமும் தண்ணீரும் சாணமும் எல்லாம் முன்வாசல் வழியாகத்தான். கேட்டால், 'பிளானக் காட்டுனோம்ல, சரின்னு சொன்னேல்ல' என்றார்களாம்.

"எங்காத்தா ஒரு தடவ தலைய ஆட்டுச்சு தம்பி. அதுக்குக் காலம் பூராம் சாணிக் கூடையோட வீட்டச் சுத்தி நடந்துச்சு."

பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தேனிக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க அனுப்புன படத்தப் பழைய பதிப்புல மாத்தி அனுப்புங்க."

இன்ஜினியர் குரல் சலித்துக்கொண்டது. "என்னம்மா நீங்க, ஊரே மாறிருச்சு. மேல ஏறி வாங்க. திரும்பப் பழசுக்குப் போகச் சொல்றீகளே."

"ஏறித்தான் சார் பாத்தேன். ஏறுன எடத்துல எங்க எழுத்தக் காணோம்."

"எனக்கும் அது கிறுக்கலாத்தான் தெரியுது. நான் வேணா இங்கிலீசுல மாத்திறட்டுமா?"

"தொட்டுறாதீக! அது உங்களுக்குக் கிறுக்கலாத் தெரிஞ்சாலும் உள்ள பத்திரமா இருக்கும். நீங்க சேமிக்கிற எடத்துல கீழ ஒரு பொட்டி இருக்கும் பாருங்க. அதுல பழைய பதிப்பெல்லாம் வரிசையா இருக்கும். என்னோடதத் தொட்டு அனுப்புங்க. நான் ஏறணும்னா நாளாகும். நீங்க எறங்குறதுன்னா ஒரு அமுக்குத்தான?"

அந்தப் பக்கம் தேடுகிற சத்தம். "அட, இருக்கும்மா" என்றார் இன்ஜினியர். எதைப் படிக்கும்போது அக்கா அதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. பொடி எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு இப்படி ஏதாவது கிடைக்கும் போல. படம் வந்தது. வெளியே தள்ளாமல் வைத்திருந்த பழைய பதிப்பில் அதைத் திறந்தார். சமையல்கட்டு, சாமி அறை, படுக்கை அறை. எல்லா எழுத்தும் வந்து உட்கார்ந்துவிட்டது, மழைக்கு ஒதுங்கிய கோழி கூண்டுக்குத் திரும்பின மாதிரி.

வயிற்றுப் பிள்ளைக்காரி இன்னொரு தடவை படியேற வேண்டாம் என்று அக்காவே எங்கள் தெருவுக்கு வந்தார். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. நிறுத்தியிருந்த குட்டியானையின் பின்கதவை இறக்கி, அதன் மேல் தாளை விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு வாழைச்சீப்பு வைத்தோம்.

உங்கள் அம்மா விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டினாள்.

"முன்... அறை. இது சாமி அறை. படுக்கை அறை. சமையல்... கட்டு."

விரல் அங்கே நின்றது. நகரவில்லை.

"இல்லக்கா."

"ஏய், சும்மா இரு. ஆவணி முடியப் போகுது" என்று நான் பாய்ந்தேன்.

"தம்பி, வாய மூடு" என்றார் அக்கா. "என்ன இல்ல ஆத்தா? சொல்லு."

"ஜன்னல் தெக்க பாத்து இருக்கு. தெக்க பக்கத்து வீட்டுச் சுவருதேன தெரியும்? எனக்குக் கெழக்க வேணும். மலை தெரியணும்."

"கெழக்க பாத்து அடுப்பு வருதே. ஜன்னல் வச்சா காத்தடிக்கும், அடுப்பு அணையும். உன் வீட்டுக்காரரும் அதச் சொல்லித்தான் தெக்க வைக்கச் சொன்னாரு."

"அணைஞ்சா பத்த வச்சுக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மலையிலேயே பொறந்தவ, உனக்கு இன்னும் மலை பாக்கணுமாக்கும்?"

உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எஸ்டேட்டு லைன் வீட்டுல அடுப்படிக்கு ஜன்னல் ஏது? மலை மேல இருந்தும் நான் புகையத்தேன் பாத்துக்கிட்டு நின்னேன்."

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். தெற்கு ஜன்னலை அடித்தார். கிழக்குச் சுவரில் நல்ல அகலமாக ஒன்று போட்டார்.

"சரி" என்றார்.

அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் எனக்கு முதல் தடவை. ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் வானம் தோண்டினோம்.

அதற்குப் பிறகும் வாராவாரம் அக்கா அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார், தமிழிலேயே. "தமிழ்ல எழுதுனா அங்கன யாருக்கா படிப்பாக?" என்று கேட்டேன். "படிக்கத் தெரியலன்னா ஆள் வச்சுப் படிக்கட்டும். நான் மட்டும் அவுக எழுதுனத உக்காந்து படிக்கலையா?" என்றார். பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் அவர் மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கே எந்தக் கட்டத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாரோ.

நம் வீட்டுச் சமையல்கட்டில் ஆடி மாதம் காற்று எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். எதிர் ஜன்னலில் மலை தெரியும், இந்தப் பக்கம் அடுப்பு அணையும். உங்கள் அம்மா மறுபடி பற்றவைப்பாள். மறுபடி அணையும். மறுபடி பற்றவைப்பாள். இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலை அவள் ஒருநாளும் சாத்தியதில்லை.